கைக்குழந்தையும் இரயில் பயணமும்



தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு வந்த பெண், பிள்ளையைக் கையிலேந்திக் கணவன் வீடு திரும்பும் நாள் நம் குடும்பங்களில் திருநாளுக்கு ஒப்பானது. மூன்றாம் மாதம் என்றும் ஐந்தாம் மாதம் என்றும் அவரவர் வழக்கப்படி நாள் குறிப்பர். காப்பும் கொலுசும் வாங்கப்பெறும்; பலகாரக் கூடைகள் நிறையும். ஆனால் அந்தப் பிஞ்சு உயிர் மேற்கொள்ளும் முதல் நெடும்பயணம் அது என்பதைப் பலரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

கிளியனூர்ப் பக்கத்திலிருந்து தாய் ஒருவர் இதுபற்றி நமக்கு மடல் வரைந்துள்ளார். அவருடைய மகளும் ஐந்து மாதப் பேரனும் தூத்துக்குடிக்குச் செல்ல வேண்டும். மரக்காணத்து உப்பளக் காற்றிலே பிறந்தவன் தூத்துக்குடி உப்பளக் காற்றுக்குப் போகிறான் என்று நயமாகவே எழுதியிருக்கிறார். குழந்தையின் தாய்மாமன் வெளிநாட்டிலிருந்து மடக்குத் தள்ளுவண்டி ஒன்றை அனுப்பியிருக்கிறார். 'இரயிலில் இதை எங்கே வைப்பது? பழைய புடைவையில் தூளி கட்டினால் போதாதா?' என்பது பாட்டியின் கேள்வி. மகளோ, வண்டி வேண்டும் என்கிறாள். வீட்டில் இது சிறு பிணக்காகவே வளர்ந்துவிட்டதாம்.

இருவர் பக்கமும் நியாயம் உண்டு என்பதே நம் கருத்து. வண்டிக்கு ஓர் இடம். தூளிக்கு ஓர் இடம். இடம் மாறினால்தான் இடர்.

தள்ளுவண்டி முதலில் ஏழைகளுக்காகத் தோன்றியதன்று. 1733-இல் வில்லியம் கென்ட் என்னும் ஆங்கிலேயக் கலைஞர், டெவன்ஷயர் கோமகனின் குழந்தைகளுக்காக ஆடு பூட்டி இழுக்கும் சிறு வண்டியைச் செய்தளித்தார். பின்னாளில் அது தாய்மார் தள்ளும் வண்டியாயிற்று. எனினும் கட்டில் போலக் கனத்தது. இந்நிலையை மாற்றியவர் ஓவன் மக்லாரன் என்னும் ஆங்கிலேய விமானப் பொறியாளர். போர் விமானத்தின் சக்கரக் கால்கள் மடங்கும் நுட்பத்தை அறிந்தவர் அவர். வெளிநாட்டிலிருந்து வந்த தம் மகள் கனத்த வண்டியோடு படும் பாட்டைக் கண்டு, குடைபோல் மடங்கும் அலுமினிய வண்டியை வகுத்து 1965-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அதன் எடை மூன்று கிலோவுக்கும் குறைவு. பயணத்தில் பேத்தியையும் மகளையும் வாட்டிய சுமையைக் குறைக்க ஒரு பாட்டனார் கண்ட வழியே இன்று உலகெங்கும் உருளுகிறது.

ஆயினும் அந்த வண்டி சமதரைக்கென்று பிறந்தது. நம் இரயில் நிலையங்களில் படிக்கட்டும் உண்டு, சரிவும் உண்டு. 2009 அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். ஆஷ்பர்ட்டன் நிலைய நடைமேடையில் தாய் ஒருகணம் கையை எடுத்தார். வண்டி தானே உருண்டு, ஆறு மாதக் குழந்தையோடு தண்டவாளத்தில் கவிழ்ந்தது. வந்துகொண்டிருந்த இரயில் அதன்மேல் மோதி இழுத்துச் சென்றது. இறையருளால் குழந்தை சிறு காயத்தோடு தப்பியது. நடைமேடையின் சரிவு கண்ணுக்குத் தெரியாது, சக்கரத்திற்குத் தெரியும்.

எனவே, சகோதரியே, வண்டியை நடைமேடையில் நிறுத்தும்போது தண்டவாளத்திற்கு நேராக நிறுத்தாதீர்கள். இருப்புப்பாதைக்கு இணையாக, விளிம்பிலிருந்து விலகி நிறுத்துங்கள். தடைக்கட்டையை அழுத்திய பின்னும் ஒரு கை வண்டியின்மேல் இருக்கட்டும். குழந்தையின் இடுப்புப் பட்டையைப் பூட்டுங்கள். நில்லாமல் விரையும் வண்டி ஒன்று கடந்து செல்லும்போது எழும் காற்றும் வலியது.

கிளியனூரில் இரயில் நிலையம் இல்லை. பேருந்திலேறித் திண்டிவனத்திற்கோ விழுப்புரத்திற்கோ சென்றுதான் இரயிலைப் பிடிக்க வேண்டும். தூத்துக்குடி செல்லும் முத்துநகர் விரைவு வண்டி இரவில் விழுப்புரத்தைக் கடந்து மறுநாள் காலையில் ஊர் சேர்க்கிறது. நிலையத்தில் காத்திருக்கும் நேரத்திற்குத் தள்ளுவண்டி பேருதவி. தாயின் கைக்கு ஓய்வு. குழந்தைக்கும் கூட்டத்திடையே தனக்கென ஓர் இடம். ஆனால் இரயில் வருகிறது என்ற அறிவிப்பு கேட்டதும் குழந்தையை வெளியே எடுத்துவிட்டு வண்டியை மடக்கிக் கட்டிவிட வேண்டும். குழந்தையோடு வண்டியைத் தூக்கிப் பெட்டியில் ஏற்ற முயல்வது ஒருபோதும் கூடாது. நம் உயர்ந்த நடைமேடைகளே 76 முதல் 84 சென்டிமீட்டர் உயரந்தான். பெட்டியின் தளமோ அதனினும் உயர்ந்தது. இடையே வாய் பிளந்த இடைவெளியும் உண்டு.

ஏறும் முறையிலும் ஓர் ஒழுங்கு வேண்டும். பல நிலையங்களில் வண்டி நிற்பது ஓரிரு நிமிடங்களே. முதலில் பைகளை ஏற்றுவது நம் பழக்கம். அது தவறு. தாய் முதலில் வெறுங்கையோடு, இருபுறக் கைப்பிடிகளையும் பற்றி ஏறட்டும். வழியனுப்ப வந்தவர் குழந்தையை அவரிடம் நீட்டட்டும். பின்னரே மூட்டையும் மடக்கிய வண்டியும் ஏறட்டும். இடையில் இரயில் நகர்ந்துவிட்டால் விட்டுப்போவது பலகாரக் கூடையாக இருக்கட்டும். தாயும் சேயும் பிரியலாகாது. அப்படியே பிரிய நேர்ந்தால் அபாயச் சங்கிலியை இழுக்கத் தயங்க வேண்டா. தக்க காரணமின்றி இழுப்பதைத்தான் 1989-ஆம் ஆண்டு இரயில்வே சட்டம் குற்றமென்கிறது.

பெட்டிக்குள் நுழைந்த பின் தள்ளுவண்டியின் வேலை முடிந்தது. மடக்கிய வண்டியைக் கீழ்ப்படுக்கையின் அடியில் தள்ளிவிடலாம். நடைபாதையில் விரித்து வைத்தால் பிறர் காலில் இடறும். இரயில் குலுங்கும்போது வண்டியும் நகரும். இனி பாட்டியின் தூளிக்குரிய நேரம். மேல்படுக்கையைத் தாங்கும் சங்கிலியிலோ கம்பியிலோ புடைவையைக் கட்டிப் பிள்ளையை உறங்கவைப்பது நம் தாய்மார் தலைமுறை தலைமுறையாகக் கையாளும் முறை. இரயிலின் ஆட்டமே தாலாட்டாகும். ஆனால் மூன்று காரியங்களைக் கவனியுங்கள். வழுவழுப்பான நைலான் புடைவை வேண்டா, முடிச்சு நழுவும். பருத்திப் புடைவையே ஏற்றது. தூளி கீழ்ப்படுக்கைக்கு மேலாக, ஒரு சாண் உயரத்தில் தொங்கட்டும். நடைபாதைப் பக்கம் தொங்கவேண்டா. விழித்திருக்கும் ஒருவர் அருகே இருக்கும்வரைதான் தூளி. எல்லாரும் உறங்கும் வேளையில் குழந்தை, சுவர்ப்பக்கமாகத் தாயின் அணைப்பில் கீழ்ப்படுக்கையில் கிடப்பதே நன்று.

அந்தக் கீழ்ப்படுக்கை கிடைப்பதுதான் அரிது. கருவுற்ற பெண்களுக்கும், 45 வயது நிறைந்த பெண்களுக்கும், முதியோர்க்கும் கீழ்ப்படுக்கையில் இரயில்வே முன்னுரிமை தருகிறது. கைக்குழந்தையோடு வரும் இளந்தாய் அப்பட்டியலில் இல்லை. பிள்ளை வயிற்றிலிருக்கும்வரை உள்ள சலுகை, பிள்ளை கைக்கு வந்ததும் நீங்கிவிடுகிறது! ஆகவே பாட்டியும் உடன் செல்வது பலவகையிலும் நலம். அவருக்குக் கிடைக்கும் கீழ்ப்படுக்கை மகளுக்கும் பேரனுக்கும் பயன்படும். 5 வயது நிறையாத குழந்தைக்குத் தனிப்படுக்கை கேளாதவரை கட்டணமில்லை; தனிப்படுக்கை வேண்டுமெனில் முழுக் கட்டணம். தூங்கும் வசதிப் பெட்டியில் பெரியவர் ஒருவர் 40 கிலோ வரை சுமையைக் கட்டணமின்றிக் கொண்டு செல்லலாம் என்பதால் தள்ளுவண்டியின் எடை பற்றிக் கவலை வேண்டா.

அடுத்தது உணவு. ஆறு மாதம் நிறையும்வரை தாய்ப்பால் ஒன்றே போதும்; தண்ணீரும் வேண்டுவதில்லை என்று மருத்துவர் கூறுவர். இரயில் பயணத்தில் இதனினும் தூய உணவு வேறில்லை. பால் புகட்டும் தாய் வெட்கித் தயங்கவேண்டியதில்லை. ஒரு மெல்லிய துப்பட்டியும், சற்றே முகந்திருப்பிக்கொள்ளும் சக பயணியின் பண்பும் போதும். தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் தாய்மார் பாலூட்டும் அறைகள் 2015 முதல் திறக்கப்பெற்றுள்ளன. இரயிலேறு முன் பேருந்து நிலையத்தில் அவற்றைப் பயன்படுத்திக்கொள்ளலாம். புட்டிப்பால் குடிக்கும் குழந்தையாயின், காய்ச்சிய நீரை வெந்நீர்க் குடுவையில் எடுத்துக்கொண்டு அவ்வப்போது மட்டும் பால் கலக்குங்கள். கலந்து வைத்த பாலை மணிக்கணக்கில் வைத்திருந்து புகட்டவேண்டா.

பால் காய்ச்சவென்று சிறு அடுப்பையோ எரிவாயு உருளையையோ கொண்டுசெல்வோர் இன்றும் உளர். அன்புடன் மன்றாடுகிறோம்: வேண்டவே வேண்டா. 2023 ஆகஸ்ட் 26 அன்று விடியற்காலையில் மதுரை நிலையத்தருகே நின்றிருந்த யாத்திரிகர் பெட்டி ஒன்று தீப்பற்றி எரிந்து ஒன்பது பேர் மாண்டனர். விதியை மீறி உள்ளே கொண்டுவந்த எரிவாயு உருளையே அதற்குக் காரணம். ஆண்டுதோறும் வேளாங்கண்ணிக்குக் குழுவாகச் செல்லும் நம் பங்கு மக்கள் இதனை மறக்கலாகாது. கைப்பேசிக்கென உள்ள மின்செருகியில் வெந்நீர்க் கெண்டியை மாட்டுவதும் அத்தகைய ஆபத்தே.

இன்னொன்று. இப்போது பெட்டிகளில் உயிரிக் கழிவறைகள் அமைந்துள்ளன. குழந்தையின் அழுக்குத் துணியையோ பயன்படுத்திய டயாப்பரையோ அதற்குள் போட்டால் அடைத்துக்கொண்டு பெட்டி முழுவதும் அல்லலுறும். காகிதத்தில் சுற்றிக் குப்பைத் தொட்டியில் இடுங்கள்.

மேல்நாடுகளில் சில இரயில்களில் கைக்குழந்தையோடு வருவோர்க்கென்றே தனி அறை உண்டு. ஜெர்மனியின் விரைவு வண்டிகளில் அவற்றைக் காணலாம். நம் நாட்டிலும் 2022 மே மாதம், அன்னையர் தினத்தையொட்டி, இலக்னோ மெயில் வண்டியில் கீழ்ப்படுக்கையோடு இணைந்த குழந்தைப் படுக்கை இரண்டு சோதனையாகப் பொருத்தப்பெற்றன. 77 சென்டிமீட்டர் நீளமும் 25.5 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட சிறு பலகைதான், வேண்டாதபோது மடக்கிவிடலாம். பெரும் செலவு பிடிக்கும் காரியமன்று. ஒவ்வொரு பெட்டியிலும் இத்தகைய இடம் ஒன்றிரண்டு இருந்தால் எத்தனை தாய்மார் இரவு முழுவதும் கண்விழியாது உறங்குவர்! நம் மாதர் சங்கங்கள் இதனை ஒரு கோரிக்கையாக எழுதி இரயில்வே அதிகாரிகளுக்கு அனுப்பினால் என்ன?

அதுவரை சட்டமும் பலகையும் செய்யாததை மனிதர் செய்யலாம். முன்பதிவு இல்லாப் பெட்டியில், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவோரம் நிற்கும் தாயை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். சன்னலுக்கு வெளியே பார்வையைத் திருப்பிக்கொள்வது எளிது. சற்று நகர்ந்து ஓரிடம் தருவதும் எளிதுதான். இரவில் குழந்தை அழுதால் 'உச்' கொட்டாதீர்கள். அழும் குழந்தையைவிட அதன் தாயே அப்போது அதிகம் துன்புறுகிறாள். நடைமேடைப் படிக்கட்டில் தள்ளுவண்டியோடு திகைத்து நிற்பவளைக் கண்டால், 'குழந்தையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், அம்மா. வண்டியை நான் தூக்கி வருகிறேன்' என்று நம் இளைஞர் ஒருவர் சொல்லட்டும். இடமின்றி அலைந்த ஒரு தாயையும் சேயையும் ஆண்டுதோறும் குடிலில் வைத்து வணங்கும் நமக்கு, இதை எவரும் கற்பிக்கவேண்டியதில்லை.