பெட்டி பழுதில்லை, டிரைவர்தான் இல்லை



கடற்பாலம் தாண்டிச் சிங்கப்பூரில் வேலை செய்கிற பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்குப் போகிறான். சந்தையில் சாப்பிட்டுவிட்டு, சிராங்கூன் சாலையில் வீட்டுக்கு வேண்டியதை வாங்கிக்கொண்டு, அப்படியே ரோச்சோர் பக்கம் நடந்து சிம் லிம் சதுக்கத்தில் ஏறி இறங்கி, தங்கையின் படிப்புக்கென்று ஒரு பழைய மடிக்கணினியை வாங்குகிறான். முன்பெல்லாம் இம்மாதிரிப் பழைய சாமான்களுக்குப் பக்கத்திலேயே சுங்கை ரோட்டுச் சந்தை இருந்தது. 2017 ஜூலை 10-ஆம் தேதியோடு அதை மூடிவிட்டார்கள். இனிக் கடைதான்.

கணினி தோட்டத்து வீட்டுக்கு வந்து சேருகிறது. அதில் இருப்பது விண்டோஸ் 10. “இது பழசாகிவிட்டது, வைத்திருந்தால் ஆபத்து” என்று யாரோ சொல்ல, விவரம் தெரிந்த பக்கத்து வீட்டுப் பையன் அதை அழித்துவிட்டு லினக்ஸ் போட்டுத் தருகிறான். திரை பளிச்சென்று வருகிறது. இணையம் மட்டும் வரவில்லை. வைஃபை அடையாளத்தையே காணோம். அம்மா “காசு போச்சே” என்கிறார். அண்ணன் கடைக்காரரைத் திட்டுகிறான். பையன் தலையைக் குனிந்துகொள்கிறான். கணினி அலமாரிக்கு மேலே ஏறிவிடுகிறது.

இப்படி அலமாரி ஏறிய கணினிகளை என் மாணவர்களின் வீடுகளில் பார்த்திருக்கிறேன். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிகள் மூடியபோது, ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் மாற்றி மாற்றிப் பிடித்துப் பாடம் படித்ததை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த நிலையில் ஒரு நல்ல கணினி துணி மூடிக் கிடப்பதைப் பார்த்தால் வயிறு எரியாதா? அவற்றுள் பலவற்றுக்கு ஒரு பழுதும் இல்லை என்பதுதான் வேடிக்கை.

இயங்குதளம் என்பது கணினியின் நிர்வாகம். விண்டோஸ் ஒரு நிர்வாகம், லினக்ஸ் இன்னொரு நிர்வாகம். கணினிக்குள் இருக்கும் வைஃபை சில்லு தோட்டத்து லாரியைப் போன்றது. லாரி நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அதை ஓட்ட ஆள் வேண்டுமே! அந்த ஆளுக்குக் கணினிக்காரர்கள் வைத்திருக்கும் பெயரும் ‘டிரைவர்’தான். ஒவ்வொரு சில்லுக்கும் தனி டிரைவர் உண்டு. நிர்வாகம் கைமாறும்போது பழைய டிரைவர் பழைய நிர்வாகத்தோடு போய்விடுகிறார். புதிய நிர்வாகத்திடம் அந்த லாரியை ஓட்டத் தெரிந்தவர் இருந்தால் வண்டி கிளம்பும், இல்லாவிட்டால் கொட்டகையிலேயே நிற்கும். இன்டெல் சில்லுகளுக்கான டிரைவர் லினக்ஸுக்குள்ளேயே பெரும்பாலும் இருக்கிறது. பிராட்காம் சில்லுகளில் பலவும் ரியல்டெக் சில்லுகளில் சிலவும்தான் முரண்டு பிடிப்பவை.

பையன் அவசரப்பட்டான் என்று நீங்கள் நினைக்கலாம். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. வீட்டுக் கணினிகளுக்குக் கொடுத்த ஓராண்டு நீட்டிப்புக்கும் 2026 அக்டோபர்தான் எல்லை. விண்டோஸ் 11-க்கு மாறலாமென்றால், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் கணினியானால் செயலி எட்டாம் தலைமுறையாகவோ அதற்குப் பிந்தியதாகவோ இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. 2016-இல் செய்த கணினி எவ்வளவு திடமாக இருந்தாலும் வாசலிலேயே நிறுத்தப்படும். ஆகவே 1991-இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய, காசில்லாமல் கிடைக்கிற லினக்ஸை நாடுவது நியாயமே. கல்வி அமைச்சின் டெலிமா தளம் இணைய உலாவியிலேயே திறக்கும். பிள்ளையின் பாடத்துக்கு லினக்ஸ் தாராளமாகப் போதும். விண்டோஸில் மட்டும் ஓடுகிற மென்பொருள் ஏதாவது கட்டாயம் வேண்டுமென்றால் மாறாதீர்கள்.

பையன் செய்யத் தவறியது ஒன்றுண்டு. லினக்ஸை நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்றவற்றை 8 கிகாபைட் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடக்கிவிடலாம். உள்ளே இருக்கும் விண்டோஸுக்கு ஒரு கீறலும் விழாது. நிறுவு என்ற பொத்தானைத் தொடாமல் வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா என்று பாருங்கள். அரை மணி நேரம் ஒரு படத்தை ஓடவிடுங்கள். சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளை அந்தப் பென் டிரைவைக் கடைக்கே கொண்டுபோய், பணம் கொடுப்பதற்கு முன் செருகிப் பார்க்கக் கேட்பது இன்னும் நல்லது. கடைக்காரர் முகத்தைச் சுளித்தால் அடுத்த கடைக்குப் போகட்டும். சிம் லிம்மில் கடைகளுக்கா பஞ்சம்?

“லினக்ஸில் தமிழ் வருமா, சார்?” என்று பெற்றோர் கேட்கிறார்கள். வரும். இயங்குதளம் மாறினால் தமிழே காணாமற்போன காலம் ஒன்று இருந்தது. ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒரு குறியீடு, ஒரு கணினியில் அடித்தது இன்னொன்றில் புரியாத கிறுக்கலாகத் தெரியும். அந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டிய முன்னோடிகளில் ஒருவர் சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. அங்குள்ள தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராக இருந்தவர். 1995-இல் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏறியபோது தமிழும் ஏறியதற்கு அவர் உழைப்பு முக்கியக் காரணம். 1997-இல் அதே ஊரில் தமிழ்நெட் மாநாடும் நடந்தது. ஈராண்டில், 1999-இல், அவர் மறைந்துவிட்டார். இன்று யூனிகோடு வந்தபின் அந்தக் கவலை தீர்ந்தது. பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு உங்களிடம் இருந்தால் மட்டும், மாறுவதற்கு முன்பே அதை யூனிகோடுக்கு மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, மாற்றியாகிவிட்டது, இணையம் வரவில்லை. என்ன செய்வது?

டிரைவரை இணையத்திலிருந்துதான் இறக்கவேண்டும், ஆனால் டிரைவர் இல்லாமல் இணையம் வராது! இந்த முடிச்சை அவிழ்க்க உங்கள் கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசியே போதும். சார்ஜ் போடும் கம்பியால் கணினியோடு இணைத்து, கைப்பேசி அமைப்பில் யு.எஸ்.பி. டெதரிங் என்பதைத் திறந்துவிடுங்கள். கம்பி வழியே இணையம் வரும். வைஃபை சில்லின் உதவி தேவையில்லை. சார்ஜுக்கு மட்டுமே உதவும் மலிவான கம்பிகளும் விற்கிறார்கள். அது தரவைக் கடத்தாது. கம்பியை மாற்றிப் பார்த்துவிட்டு அப்புறம் சலித்துக்கொள்ளுங்கள். இணைப்பு வந்ததும் உபுண்டுவில் ‘கூடுதல் டிரைவர்கள்’ என்ற பகுதியைத் திறந்தால், வேண்டியது எது என்று அதுவே காட்டும்.

அதற்கும் முன்பு மடிக்கணினியின் ஓரத்தில் வைஃபை விசை ஏதும் இருக்கிறதா, விமானப் படம் போட்ட பொத்தான் அழுந்திக் கிடக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். விண்டோஸையும் லினக்ஸையும் அருகருகே வைத்திருப்பவர்களுக்கு வேறொரு தொல்லை வரும். விண்டோஸை மூடினாலும் அது முழுதாகத் தூங்குவதில்லை. விரைவில் எழுந்துவிடலாம் என்று அரைத் தூக்கத்தில், சில்லைக் கைவிடாமலே கிடக்கும். ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டு மூடினால் முழுதாக மூடும்.

அடையாளம் இருக்கிறது, இணைப்பும் ‘உண்டு’ என்கிறது, ஆனால் பக்கம் திறக்கவில்லையா? கிட்டேயிருந்து தொலைவுக்குச் சோதித்துப் போகவேண்டும். குழாயில் தண்ணீர் வராவிட்டால் நேரே ஆற்றுக்கா ஓடுகிறோம்? முதலில் வீட்டுக் குழாய், அப்புறம் லயத்துத் தொட்டி. கணினியிலும் ‘பிங்’ என்றொரு கட்டளை உண்டு. கூப்பிட்டால் மறுமுனை பதில் தருகிறதா என்று பார்ப்பது. முதலில் வீட்டு ரௌட்டரைக் கூப்பிடுங்கள். அதன் எண் பல வீடுகளில் 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்று இருக்கும். பதில் இல்லையென்றால் கோளாறு வீட்டுக்குள்ளேயே. பதில் வந்தால் 8.8.8.8 என்பதைக் கூப்பிடுங்கள்; இது வெளியே இருக்கும் கூகிளின் எண். இங்கே பதில் இல்லாவிட்டால், பக்கத்திலிருக்கும் கைப்பேசியிலும் அதே வைஃபையில் இணையம் வருகிறதா என்று பாருங்கள். அதிலும் இல்லையென்றால் லைன் கோளாறு, கணினியைத் தொடவேண்டாம். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு மட்டும் வராவிட்டால், பெயரை எண்ணாக மாற்றித்தரும் டி.என்.எஸ். என்ற முகவரிப் புத்தகத்தில்தான் சிக்கல். இணைப்பின் அமைப்பில் டி.என்.எஸ். இடத்தில் 8.8.8.8 என்று எழுதிப் பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் வங்கி, பள்ளிப் பக்கங்கள் ‘பாதுகாப்பில்லை’ என்று மறுத்தால், கணினியின் தேதியைப் பாருங்கள். பழைய கணினிகளில் கடிகாரத்துக்கான சிறு பேட்டரி செத்துப்போய், தேதி பல ஆண்டு பின்னால் போயிருக்கும். தேதி தவறினால் பக்கத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று உலாவி கதவை மூடிவிடும். இதற்காக இயங்குதளத்தை மறுபடி மறுபடி போட்டவர்களைக் கண்டிருக்கிறேன்!

வருகிறது, ஆனால் நிலைக்கவில்லை, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அறுந்துபோகிறது என்றால் பெரும்பாலும் மின்சேமிப்பைத்தான் சந்தேகிக்கவேண்டும். பேட்டரியைக் காப்பாற்றுவதாக எண்ணிக்கொண்டு லினக்ஸ் வைஃபை சில்லை அவ்வப்போது தூங்கவைக்கும். சில சில்லுகள் தூங்கினால் எழுந்திருப்பதில்லை. அந்த மின்சேமிப்பை நிறுத்தச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஐந்து நிமிட வேலை. கம்பியில் இணைத்தால் நிலையாக இருந்து வைஃபையில் மட்டும் அறுந்தால், குற்றவாளி சில்லோ அதன் டிரைவரோதான் என்று தெரிந்துகொள்ளலாம். எதற்கும் மசியவில்லையென்றால் யு.எஸ்.பி. துளையில் செருகும் சிறு வைஃபை செருகி விற்கிறது. உறையில் லினக்ஸ் என்று அச்சடித்திருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள், உள்ளே இருக்கும் சில்லின் பெயரைக் கேளுங்கள். மீடியாடெக் 7612 போன்றவற்றுக்கு டிரைவர் லினக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. வேறு சிலவற்றுக்கு நாமே டிரைவரைக் கட்டவேண்டும், அது வீட்டில் நடக்கிற காரியமில்லை.

நேற்றுவரை ஓடிய வைஃபை, புதுப்பித்த மறுநாளே நின்றுவிடுவதும் உண்டு. பயப்படாதீர்கள். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் புதிதாக வரும்போது, உபுண்டுவும் மின்ட்டும் முந்தியதை உடனே தூக்கி எறிவதில்லை. கணினி தொடங்கும்போது ஷிப்ட் அல்லது எஸ்கேப் விசையை அழுத்தினால் ஒரு பட்டியல் வரும். அதில் ‘மேம்பட்ட தேர்வுகள்’ என்பதற்குள் பழைய கெர்னலின் எண் இருக்கும். அதைத் தேர்ந்து உள்ளே போய், அடுத்த திருத்தம் வரும்வரை அதிலேயே பிள்ளையைப் படிக்கவிடலாம்.