விடை காணாத வழக்கு

வழக்கொன்று இரு வகையில் தோற்கலாம். நியாயம் இல்லையென்று தோற்பது ஒன்று. நியாயத்தை ஆராயாமலே, வழக்காட உமக்கு உரிமையில்லை என்று தள்ளப்படுவது மற்றொன்று. பின்னதே கொடியது. கோடீஸ்வரன் வழக்கின் வரலாறு இதனை நமக்கு உணர்த்துகிறது.

1956 ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டுமே ஆட்சிமொழியாக்கியது. சிங்களப் பரீட்சையிற் சித்தியடையாத அரசாங்க ஊழியரின் சம்பள ஏற்றத்தை நிறுத்தும் சுற்றுநிருபத்தைத் திறைசேரி 1961 இல் விடுத்தது. பரீட்சைக்குத் தோற்ற மறுத்த தமிழ் இலிகிதரான கோடீஸ்வரனின் ஏற்றம் 1962 இல் நிறுத்தப்பட்டது. அவர் சட்டமா அதிபர்மீது கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். கேட்ட பணம் சிறிது; எழுந்த வினாவோ பெரிது. ஓரினத்தாரை மட்டும் இடர்ப்படுத்தும் சட்டம் செல்லாது என்றது சோல்பரி அரசியற்றிட்டத்தின் 29 ஆம் பிரிவு. அப்படியாயின் மொழிச் சட்டம் செல்லுமா?

செல்லாது என 1964 இல் மாவட்ட நீதிபதி தீர்ப்பளித்தார். 1967 இல் உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. மொழிச் சட்டம் நீதியானது என்று அது கூறவில்லை. அரசாங்க ஊழியர் சம்பளத்துக்காக முடிமீது வழக்காட முடியாது, ஆகவே மற்றதை ஆராயத் தேவையில்லை என்றே கூறியது. வயலின் எல்லைக்கல்லைப் பாராமலே எல்லை வழக்கை முடித்துவிட்டாற் போன்றது இது.

அவ்வாறு வழக்காட உரிமையுண்டு என 1969 டிசம்பர் 11 இல் பிரிவி கவுன்சில் தீர்த்தது. ஆயினும் மொழிச் சட்டத்தின் வலிமையை முதலில் உயர்நீதிமன்றமே ஆராயட்டும் என்று வழக்கைத் திருப்பியனுப்பியது. அந்த விசாரணை நடைபெறவேயில்லை. 1971 இல் பிரிவி கவுன்சிலுக்கு மேன்முறையிடும் வழி அடைக்கப்பட்டது. 1972 மே 22 இல் வந்த குடியரசு யாப்பில் 29 ஆம் பிரிவே இல்லாது போயிற்று. வினா அப்படியே நின்றது. அதற்கு ஆதாரமான சட்டம் மறைந்தது.

வழக்கு நடைமுறையே வேண்டாம் என்பது நம் கருத்தன்று. வேலியில்லாத பயிர் நிலைக்காது. ஆனால், வேலியே பயிரை மேய்ந்தால் உழவன் யாரிடம் முறையிடுவான்? தமிழும் அரசகரும மொழியென 13 ஆவது திருத்தம் கூறியது 1987 இல். மொழிச் சட்டம் பிறந்து அப்போது 31 ஆண்டுகள் கடந்திருந்தன. அதற்கிடையில் சம்பள ஏற்றமும் உத்தியோகமும் இழந்தோர்க்கு அவ்வாண்டுகளை யார் மீட்டுக் கொடுப்பார்?

இது பழங்கதையன்று. 1978 ஆம் ஆண்டின் யாப்பின்படி, நிறைவேறிய சட்டமொன்றின் செல்லுபடியை எந்த நீதிமன்றிலும் கேள்விக்குட்படுத்த இயலாது. அடிப்படை உரிமை மீறப்பட்டவர் ஒரு மாதத்துக்குள் உயர்நீதிமன்றம் செல்லவேண்டும். அம்மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கு விசாரணை நிலுவையிலுள்ள காலம் கணக்கிற் சேராது என்கிறது 1996 ஆம் ஆண்டின் சட்டம். நிலம் பறிபோன விவசாயியும் பதவி மறுக்கப்பட்ட உத்தியோகத்தரும் இதனை மனதிற் கொள்ளவேண்டும். நாட்கடத்தி, நியாயமுள்ள வழக்கைக் காலத்துக்குப் பலிகொடுக்கலாகாது.

நீதிபதிகளிடமும் நாம் ஒன்றைக் கோருகிறோம். வாயிலைக் காப்பது உங்கள் கடமைதான். ஆனால் வாயிலில் நிற்பவனின் குறையைக் கேட்பது அதனினும் பெரிய கடமை. கேட்கப்படாத குறை அழிந்துவிடுவதில்லை. நீதிமன்றில் தீராதது வீதிக்கு வரும் என்பதை இந்நாடு பெருவிலை கொடுத்துக் கற்றிருக்கிறது.