வானொலி முகப்பின் சிறு விளக்கு



பழைய காரின் வானொலிப் பெட்டி நன்றாகவே பாடிக்கொண்டிருக்கும்; அதன் முகப்பு மட்டும் ஒருநாள் இருண்டுவிடும். உள்ளே எரிந்துகொண்டிருந்த, கோதுமை மணியை ஒத்த சிறு குமிழ்விளக்கின் இழை அறுந்துபோனதே காரணம். இஃது அற்பக் காரியம் என்றெண்ணிப் பல மாதங்கள் நாம் வாளாவிருந்தோம். ஓர் இரவு, ஒலியைக் குறைக்கும் குமிழை இருளில் தேடிய வேளையில், முன்னே விளக்கின்றிச் சென்ற மிதிவண்டி ஒன்றை மயிரிழையில் தவிர்த்தோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் இரண்டே நொடிகளில் ஏறத்தாழ 33 மீட்டர் ஓடிவிடுகிறது. அத்தனை தூரமும் நமது கண்கள் சாலையில் இல்லை!

பழைய அளவுக் குமிழ்விளக்குகள் இன்று எளிதில் அகப்படுவதில்லை. மேலும் அவை உண்ணும் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் வெப்பமாகவே வீணாகிறது. எல்.இ.டி. விளக்கோ சிறிதளவு மின்சாரத்திலேயே ஒளிதரும். அதில் அறுந்துபோக இழையும் இல்லை. ஆகவே அதனையே பொருத்தத் துணிந்தோம்.

முதல் முயற்சியில், விளக்கை நேரே பாட்டரிக் கம்பியில் இணைத்தோம். கண்ணிமைக்கும் நேரத்தில் அது மாண்டது. வெள்ளை எல்.இ.டி.க்கு வேண்டுவது 3 வோல்ட் அளவே. இயந்திரம் ஓடுகையில் காரின் மின்னழுத்தமோ 14 வோல்ட்டை எட்டும். எஞ்சிய 11 வோல்ட்டைத் தாங்க ஒரு மின்தடை இன்றியமையாதது. 560 ஓம் மின்தடையை இடையில் வைத்தால் ஏறத்தாழ 20 மில்லி ஆம்பியர் பாயும். அம்மின்தடை அரை வாட் தாங்குவதாக இருத்தல் நலம். விளக்குகள் பல இருப்பின், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மின்தடை வேண்டும்.

இவ்வாறு இரண்டாம் முறை பொருத்தியபோது விளக்கு எரிந்தது. அளவுக்கு மீறியே எரிந்தது. பகலில் கண்டு மகிழ்ந்தோம். இரவிலோ அந்த ஒளி கண்ணைக் கூசச்செய்து, சாலையோர இருளை மேலும் இருளாக்கியது. முகப்பு விளக்குகளை மங்கச்செய்யும் பழைய திருகைத் திருப்பியும் பயனில்லை. குமிழ்விளக்கின் மிகுந்த மின்னோட்டத்திற்கென அமைந்த அச்சிறு தடை, எல்.இ.டி.யின் சொற்ப ஓட்டத்தை அசைப்பதே இல்லை. முடிவில் 560 ஓமுக்குப் பதிலாக 2200 ஓம் மின்தடையை வைத்தோம். மின்னோட்டம் 5 மில்லி ஆம்பியராகக் குறைந்தது, ஒளியும் இதமாயிற்று. ஒளி ஒரே இடத்தில் குவிந்து விழுந்தமையால், விளக்கின் முனையை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து மங்கலாக்கினோம். எண்கள் யாவும் சீராகத் தெரிந்தன.

இம்முயற்சியில் இறங்குவோருக்குச் சில சொற்கள். முகப்புக் கண்ணாடி பச்சை நிறமாயின் பச்சை அல்லது வெள்ளை விளக்கையே தேர்க. பச்சைக் கண்ணாடி சிவப்பொளியைப் பெரும்பாலும் மறித்துவிடும். பெட்டியைக் கழற்றுமுன் பாட்டரியின் எதிர்முனைக் கம்பியை நீக்குக. சில வானொலிகள் மின்சாரம் அறுந்தபின் திருட்டுத் தடுப்புக் குறியீட்டு எண்ணைக் கேட்கும். அதனை முன்னரே குறித்துவைத்துக் கொள்க. விளக்கின் நீண்ட கால் நேர்முனைக்கு உரியது. மாற்றி இணைத்தால் எரியாது, கெட்டுப்போகவும் கூடும். பற்றாசு வைக்கையில் சூட்டுக்கோலை இரண்டு மூன்று நொடிகளுக்கு மேல் வைத்திருக்கலாகாது. திருகாணிகளை முடுக்குமுன் ஒருமுறை எரியவிட்டுப் பார்ப்பதும் அவசியம்.

கடைக்காரர் மிகப் பிரகாசமானதையே எடுத்து நீட்டுவார். அதனைக் கேட்டு வாங்கியவர்களும் நாமே அன்றோ! வானொலியின் எண் தெரியவேண்டும். அதற்காகச் சாலை மறையலாகாது. பொருத்திய விளக்கை இரவில் ஒருமுறை ஓட்டிப் பார்த்த பின்னரே வேலை முடிந்ததெனக் கொள்க.