பேறுகாலத்தில் பக்கத்தில் யார்?



"ஜார்ஜ் டவுனில் டூலா என்று ஒருவர் வருகிறாராமே, அவரை அமர்த்திக்கொண்டால் ஆபரேஷன் இல்லாமல் பிள்ளை பிறக்குமா?" தலைப்பிள்ளைக்குக் காத்திருக்கும் பெண்கள் இப்போது இப்படிக் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பணத்தைக் கொடுக்குமுன் விஷயத்தைத் தெரிந்துகொள்வோம்.

டூலா என்பது கிரேக்கச் சொல். பணிப்பெண் என்று பொருள். பிள்ளை பெற்றவளுக்குத் துணை நிற்பவரைக் குறிக்க, அமெரிக்க மானிடவியலாளர் டானா ரஃபேல் 1973இல் அந்தச் சொல்லை எடுத்தாண்டார். பெயர்தான் புதிது, வேலை நமக்குப் பழையது.

லயத்து வீடுகளிலேயே பிள்ளை பிறந்த காலத்தை உங்கள் பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். மருத்துவச்சி பிள்ளையைக் கையில் ஏந்துவார். பக்கத்து வீட்டு அக்காளும் அத்தையும் இடுப்பைத் தேய்த்துவிடுவார்கள், வெந்நீர் தருவார்கள், "இதோ ஆயிற்று, தாயி" என்று தைரியம் சொல்வார்கள். பிரசவம் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு முதல் வேலையை டாக்டரும் தாதியும் எடுத்துக்கொண்டார்கள். எத்தனையோ தாய்மாரின் உயிர் அதனால் பிழைத்தது. ஆனால் அத்தையும் அக்காளும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். டூலா செய்வது அவர்கள் செய்த அந்த வேலையைத்தான்.

அந்த வேலைக்குப் பலன் உண்டு. 2017இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, 17 நாடுகளில் 15,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்திய 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. வலி தொடங்கியது முதல் ஒருவர் விலகாமல் கூட இருந்த தாய்மாரிடையே சுகப்பிரசவம் கூடியது, ஆபரேஷன் குறைந்தது, வலி நேரமும் சற்றுக் குறைந்தது. தாய் விரும்பும் துணையைக் கூட வைத்துக்கொள்ள வேண்டுமென்று 2018இல் உலகச் சுகாதார நிறுவனமும் பரிந்துரைத்தது. அந்தத் துணை கணவராகவோ, அம்மாவாகவோ, தோழியாகவோ, டூலாவாகவோ இருக்கலாம். ஆனாலும் துணை இருந்தால் ஆபரேஷனே வராது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. டூலா மருத்துவச்சி அல்லர். மருத்துவச்சியாகத் தொழில் செய்யப் பதிவு வேண்டுமென்று இந்நாட்டில் 1966ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. டூலாவின் பயிற்சி அத்தகையதல்ல. பிள்ளை பிறந்தபின் உதிரப்போக்கு நிற்காவிட்டால் தாயின் உயிர் இரண்டொரு மணி நேரத்தில் போய்விடும். ஊசியும் இரத்தமும் டூலாவின் பையில் இல்லை. ஆகவே அவரை மட்டும் நம்பி வீட்டில் பெற்றுக்கொள்ள எண்ணவே எண்ணாதீர்கள். கிளினிக் புத்தகத்தில் ஒட்டும் நிறச் சீட்டையும் கவனியுங்கள். சிவப்பு என்றால் உடனே ஆஸ்பத்திரி. மஞ்சள் என்றால் நிபுணரைப் பார்த்தாக வேண்டும்.

சரி, அமர்த்தலாமா? முதலில் நீங்கள் பெறப்போகும் இடத்தில் கேளுங்கள். பினாங்குப் பெரிய ஆஸ்பத்திரியோ, செபராங் ஜெயாவோ, புக்கிட் மெர்தாஜாமோ, பிரசவ அறைக்குள் யாரை விடுவார்கள், எத்தனை பேரை விடுவார்கள் என்று தாதியிடம் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். கணவரை மட்டும் விடும் இடத்தில் டூலாவுக்குக் கொடுத்த பணம் வாசலோடு போயிற்று.

அனுமதி உண்டு, கையில் வசதியும் உண்டு என்றால் தாராளமாக அமர்த்துங்கள். எத்தனை பேறுகாலம் பார்த்திருக்கிறார், நடுராத்திரியில் அழைத்தால் வருவாரா, தமிழும் மலாயும் பேசுவாரா, டாக்டர் சொல்லுக்குக் கட்டுப்படுவாரா என்று விசாரியுங்கள். ஆஸ்பத்திரி வேண்டாம் என்பவரையும், ஸ்கேன் வேண்டாம் என்பவரையும் அங்கேயே விட்டுவிடுங்கள்.

வசதி இல்லையா? கடன் வாங்கி அமர்த்த வேண்டிய அவசியமில்லை. கணவரையோ, பிள்ளை பெற்ற அனுபவமுள்ள பொறுமையான அக்காளையோ இப்போதே தயார் செய்யுங்கள். அடுத்த கிளினிக் நாளில் கூட அழைத்துப் போங்கள். வலி வரும்போது இடுப்பை அழுத்தித் தேய்ப்பது, கூட நடப்பது, மூச்சை மெதுவாக விடச் சொல்வது, தாதி சொல்வதைத் தமிழில் விளக்குவது, இவையே அவர் கற்க வேண்டியவை. பயமுறுத்தும் கதைகள் சொல்பவரைத் தவிருங்கள். வலியை வேகப்படுத்த ரும்புட் பாத்திமா ஊறவைத்த தண்ணீர் கொடுக்கவும் விடாதீர்கள். கருப்பை அளவுக்கு மீறிச் சுருங்கினால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து.

கணவன்மார்களே, கிளினிக்குக்குக் கூடப் போக ஒரு நாள் லீவு கேளுங்கள். அந்த அறைக்குள் உங்களை விட்டால், கையைப் பிடித்துக்கொண்டு நிற்கக் கூச்சப்படாதீர்கள்.