பல் டாக்டரும் வேண்டும், டெலிபோனும் வேண்டும்

வாயில் புற்றுநோய் கண்ட விவசாயத் தொழிலாளி கும்பகோணத்திலிருந்து 40 கிலோமீட்டர் போய்த் தஞ்சை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் நிற்கிறார். அல்லது சுமார் 300 கிலோமீட்டர் தாண்டி, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954ல் துவக்கிய அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகிறார். கதிர் வைத்தியம் பெரும்பாலும் வாரம் ஐந்து நாள் வீதம் ஆறேழு வாரம் நடக்கும். அத்தனை நாளும் கூலி கிடையாது.

இந்தக் கதிர் நோயை அழிக்கிறது. கூடவே எச்சில் சுரப்பிகளையும் வாட்டிவிடுகிறது. எச்சில் வற்றினால் பல் மளமளவென்று சொத்தையாகும். வாயெல்லாம் புண்ணாகிக் கஞ்சிகூட இறங்காது. கதிர் பட்ட தாடையில் பிற்பாடு பல்லைப் பிடுங்கினால், புண் ஆறாமல் எலும்பே மடிந்துபோகக்கூடும். ஆகவே பிடுங்க வேண்டிய பல்லைக் கதிர் துவங்குவதற்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே பிடுங்கியாக வேண்டும். டாக்டர்களுக்கு இது தெரியும். தொழிலாளிக்கு யார் சொல்வது?

"புகையிலை போட்டாய், அனுபவி" என்று உபதேசம் செய்வோர் உண்டு. புகையிலை மட்டுமல்ல, வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேச ஆராய்ச்சி நிலையம் 2004ல் வெளியிட்டது. விடத்தான் வேண்டும், தோழர்களே! ஆனால் பசியை மறக்கச் சேற்றில் நிற்பவர் மடியில் அந்தப் பொட்டலம் எப்படி வந்தது என்று உபதேசிகள் கேட்பதில்லை.

வீட்டிலிருந்தே டாக்டரிடம் பேசும் இ-சஞ்சீவனி வசதி 2020 ஏப்ரலில் வந்தது. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் துவங்கியது. புதுக்கோட்டையில் சர்க்கார் பல் மருத்துவக் கல்லூரி 2023ல் திறந்தது. இவற்றை ஏன் இணைக்கக் கூடாது? ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸ் டார்ச் அடித்து வாயைப் படம் பிடித்து அனுப்பினால், பல் டாக்டர் வாரம் ஒரு முறை பார்த்து வழி சொல்லலாம். மிருதுவான பிரஷ், புளோரைடு பற்பசை, ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் கால் தேக்கரண்டி ஆப்ப சோடாவும் அதில் பாதி உப்பும் கலந்து தினம் பல தடவை கொப்பளிப்பு. இதற்காக ஒரு நாள் கூலியையும் பஸ் காசையும் இழக்க வேண்டியதில்லை.

ஆனால் டெலிபோன் பல்லைப் பிடுங்காது. ரத்தம் நிற்காவிட்டால், தண்ணீர் விழுங்க முடியாவிட்டால், மருந்து ஏற்றும் நோயாளிக்குக் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், உடனே ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். டெலிபோன் இருக்கிறதே, பல் டாக்டர் எதற்கு என்று சர்க்கார் கணக்குப் போட்டால் அதை நாம் ஏற்கமாட்டோம்.

கதிர் துவங்குமுன் ஒவ்வொரு நோயாளிக்கும் இலவசப் பல் பரிசோதனை. பாபநாசத்திலும் திருப்பனந்தாளிலும் டெலிபோனில் தொடர் கவனிப்பு. நேரில் வரச்சொன்னால் பஸ் கட்டணமும் அன்றைய கூலியும். சங்கக் கிளைகள் இந்த மூன்றையும் மனுவாக எழுதி, கையெழுத்து வாங்கிக் கலெக்டரிடம் கொடுக்க வேண்டும்.