விலை உயர்ந்த பிளக்தான் சிறந்த பிளக்கா?



ஸ்கூட்டர் கிளம்ப மறுத்தால் மெக்கானிக் முதலில் எதைக் கழற்றுகிறார்? ஸ்பார்க் பிளக்கைத்தான். நுனியை உற்றுப் பார்க்கிறார், கரியைத் துடைக்கிறார், மீண்டும் முடுக்குகிறார். வண்டி கிளம்பிவிடுகிறது. இதைப் பார்த்துப் பழகிய நாம், தீப்பொறி தருவது மட்டுமே பிளக்கின் வேலை என்று எண்ணிவிடுகிறோம். விலை உயர்ந்த பிளக் வலிமையான பொறி தரும், வலிமையான பொறி எஞ்சினுக்கு அதிக சக்தி தரும் என்றும் பலர் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை தவறானது என்பது என் கருத்து. டர்போ பொருத்திய வேக எஞ்சினில் இத்தவறு ஒரு பிஸ்டனையே பலி வாங்கிவிடக்கூடும்.

டர்போ என்ன செய்கிறது? எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை ஒரு சுழலியைச் சுற்றுகிறது. அதே அச்சில் உள்ள மற்றொரு சக்கரம் காற்றை அமுக்கி சிலிண்டருக்குள் தள்ளுகிறது. காற்று மிகுந்தால் பெட்ரோலையும் மிகுதியாக எரிக்கலாம். 1977ஆம் ஆண்டு ரெனோ நிறுவனம் ஃபார்முலா 1 கார்ப் பந்தயத்துக்கு முதன்முதலாக ஒரு டர்போ எஞ்சினைக் கொண்டுவந்தது. அதன் கொள்ளளவு 1.5 லிட்டர்தான். எதிரில் நின்றவையோ டர்போ இல்லாத 3 லிட்டர் எஞ்சின்கள்! அந்தக் கார் அடிக்கடி புகை கக்கி நின்றது. 'மஞ்சள் தேநீர்க் கெண்டி' என்று கேலி செய்தார்கள். ஆனால், 1979இல் பிரான்சின் டிஜோன் நகரில் ரெனோவின் டர்போ கார் வென்றது. சிறிய எஞ்சின் பெரிய சக்தியைத் தரும். ஆனால், அதனுடன் வரும் வெப்பத்தையும் அழுத்தத்தையும் சமாளித்தாக வேண்டும்.

இங்கேதான் பிளக்கின் மற்றொரு வேலை தொடங்குகிறது. நெருப்பின் நடுவே இருக்கும் தன் நுனியின் வெப்பத்தை அது எஞ்சின் உடலுக்குக் கடத்திவிட வேண்டும். நுனியின் வெப்பநிலை ஏறக்குறைய 500 முதல் 850 டிகிரி செல்சியசுக்குள் இருப்பது நல்லது. அதற்குக் கீழே போனால் கரி எரிந்து போகாமல் படியும். மின்சாரம் அதன் வழியே கசியும். மிகவும் மேலே போனால் நுனி தணல்போல் கனன்று, பொறி பிறக்கும் முன்பே எரிபொருளைப் பற்ற வைத்துவிடும். பிஸ்டன் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே வெடிப்பு அதை எதிர்க்கும். சில நொடிகளில் பிஸ்டன் உருகி ஓட்டை விழலாம்.

பிளக்கின் உள்ளே இருக்கும் பீங்கான் மூக்கு நீளமாக இருந்தால் வெப்பம் மெதுவாக வெளியேறும். அது 'ஹாட் பிளக்'. மூக்கு குட்டையாக இருந்தால் விரைவாக வெளியேறும்; அது 'கோல்ட் பிளக்'. பெயரைக் கண்டு ஏமாறாதீர்கள். ஹாட் பிளக் என்றால் சூடான பொறி தருவது என்று பொருள் அல்ல!

டர்போவின் அழுத்தத்தை உயர்த்தினால், வழக்கமான பிளக்கைவிட ஒரு படி கோல்டான பிளக் பெரும்பாலும் தேவைப்படும். இதிலும் ஒரு பொறி இருக்கிறது. என்.ஜி.கே. பிளக்குகளில் எண் கூடினால் கோல்ட். போஷ் பிளக்குகளில் எண் கூடினால் ஹாட். அட்டவணையைப் பார்க்காமல் எண்ணை மட்டும் நம்பி வாங்குபவர் நேர் எதிர்த் திசையில் போய்விடுவார்.

அடுத்தது மின்முனைகளின் இடைவெளி. அழுத்தமும் இடைவெளியும் கூடக்கூட, பொறி தாண்டத் தேவையான மின்னழுத்தமும் கூடும். இதைப் பாஷன் என்ற ஜெர்மானிய அறிஞர் 1889இல் வெளியிட்டார். ஆகவே 1.1 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள பிளக்கை டர்போ எஞ்சினில் 0.7 அளவுக்குக் குறைக்க நேரிடலாம். நிமிடத்துக்கு 6000 சுற்றில் ஓடும் நான்கு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு பிளக்கும் நொடிக்கு 50 முறை பொறி தர வேண்டும். சில தவறினாலும் வண்டி திக்கும்.

இரிடியம் பிளக் வீண் என்று நான் சொல்லவில்லை. நிக்கல் 1455 டிகிரியில் உருகும். இரிடியமோ 2446 டிகிரி வரை உருகாது. அதனால் நுனியை மெல்லிதாகச் செய்ய முடிகிறது. பிளக்கும் நீண்ட நாள் உழைக்கிறது. ஆனால், வெப்பப் படி தவறாக இருந்தால் இரிடியமும் பிஸ்டனைக் காப்பாற்றாது.

அப்படியானால் இருப்பதிலேயே மிகக் கோல்டான பிளக்கைப் போட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். கூடாது. நகர நெரிசலில் ஊர்ந்து போகும்போது அதில் கரி படிந்துவிடும். தேவையான அளவுக்கு மட்டுமே கோல்டாக இருப்பதுதான் சரி. கம்பெனியிலிருந்தே டர்போவுடன் வந்து, மாற்றம் எதுவும் செய்யாத எஞ்சினுக்கோ, வண்டியின் கையேடு சொல்லும் பிளக்கே போதும்.

அடுத்த முறை மெக்கானிக் பிளக்கைக் கழற்றும்போது நீங்களும் அருகில் சென்று பாருங்கள். நுனி இளம்பழுப்பாக இருந்தால் நலம். கரிய தூள் படிந்திருந்தால் பிளக் அளவுக்கு மீறிக் கோல்டாகவோ, பெட்ரோல் மிகுந்தோ இருக்கலாம். வெளுத்துக் கொப்புளித்திருந்தால் சூடு மிஞ்சிவிட்டது. விளம்பரம் சொல்லாததை அந்த நுனி சொல்லும். அதைப் படித்துவிட்டுப் பிறகு கடைக்குப் போங்கள்.