போனில் வைத்தியம்

குடும்ப டாக்டர்களுக்கு போன் வைத்தியம் புதிதல்ல. நள்ளிரவில் அழைக்கும் தாயிடம் "இப்போதைக்கு பாரசிட்டமால் கொடுங்கள், காலையில் பார்க்கலாம்" என்று அவர்கள் காலம் காலமாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். இதற்கு நாடு தழுவிய விதிமுறைகள் வந்தது 2020 மார்ச் 25-ல், கொரோனா ஊரடங்கு தொடங்கிய நாளில்.

வாட்ஸ்அப்பில் மருந்துச்சீட்டு அனுப்பலாம், கட்டணமும் வாங்கலாம். ஆனால் முதன்முறையாக, அதுவும் குரலை மட்டும் கேட்டுப் பேசும் நோயாளிக்கு பாரசிட்டமால், இருமல் மாத்திரை போன்ற சாதாரண மருந்துகள்தான். அதே நோய்க்காக 6 மாதத்துக்குள் பார்த்த டாக்டருக்கோ சுதந்திரம் அதிகம். பழகிய டாக்டரைத்தான் விதி நம்புகிறது.

நடப்பது வேறு. அரசின் இலவச இ-சஞ்சீவனியில் வீட்டிலிருந்து அழைப்பவருக்கு பெரும்பாலும் முன்பின் தெரியாத டாக்டர்தான் கிடைக்கிறார். டாக்டரே இல்லாத கிராமத்துக்கு அது வரப்பிரசாதம். ஆனால் குடல்வால் அழற்சியா, வெறும் வாயுத் தொல்லையா என்பதை வயிற்றில் கைவைத்து அழுத்திப் பார்க்காமல் திரை சொல்லாது. தவறினால் பொறுப்பு, நேரில் பார்த்ததற்குச் சமம்.

அதனால்தான் பல டாக்டர்கள் தயங்குகிறார்கள். "நேரில் வாருங்கள்" என்று எந்தக் கட்டத்திலும் சொல்ல விதி அவர்களுக்கு உரிமை தந்திருக்கிறது. அதைச் சொல்லத் தயங்காத டாக்டரிடம் போனிலும் பேசலாம்.